கித்தான் குடித்த வண்ணம்

எண்ணெய் வண்ணத்தில் படம் வரைகிறவருக்கு முதல் வேலை வரைவது இல்லை, துணியைத் தயார் செய்வது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய கித்தான்மேல் முதலில் வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சித் தடவ வேண்டும். முயல் தோலிலிருந்து எடுத்த பசைதான் ஐரோப்பாவில் பல நூற்றாண்டு வழக்கம். அது காய்ந்ததும் அதன்மேல் ஒரு வெள்ளைப் பூச்சு. இவ்வளவும் எதற்கு? வண்ணத்தைக் குழைக்கிற ஆளி விதை எண்ணெய் நூலிழைக்குள் இறங்கிவிடக் கூடாது. இறங்கினால் வருடம் போகப் போகத் துணி பழுப்பேறி, மொடமொடத்து, கடைசியில் தொட்டாலே இற்றுப்போகும். ஆகவே வண்ணம் துணிக்கு மேலே தனிப் படலமாக உட்கார வேண்டும். கலம்காரி வரைகிறவர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்தெடுப்பதற்குப் பின்னாலும் இதற்குப் பக்கத்துக் கவலை ஒன்று உண்டு: கோடு போட்ட இடத்தில் நிற்க வேண்டும், சாயம் ஓடக் கூடாது.

1952 அக்டோபர் 26, ஞாயிற்றுக்கிழமை. நியூயார்க்கில் மேற்கு 23-ஆம் தெருவில் இருந்த ஒரு ஸ்டுடியோவில், 23 வயதுப் பெண் ஒருவர் இந்தப் பாடத்தைத் தெரிந்தே மீறினார். பசையும் பூச்சும் காணாத வெறுங்கித்தானைத் தரையில் விரித்தார். சுமார் ஏழு அடிக்குப் பத்து அடி. கரிக்கோலால் அங்கங்கே சில கோடுகளை வீசினார். அப்புறம் எண்ணெய் வண்ணத்தில் டர்பென்டைன் விட்டு, தண்ணீர் மாதிரி ஓடும் பதத்துக்கு நீர்க்கவைத்துக் கித்தான்மேல் ஊற்றினார். ஊற்றியது பரவியது. பரவியதைச் சில இடங்களில் தள்ளிவிட்டார், சில இடங்களில் அதன் போக்கில் விட்டுவிட்டார். துணி வண்ணத்தைக் குடித்துக்கொண்டது.

அந்த ஓவியத்தின் பெயர் ‘மலைகளும் கடலும்’. வரைந்தவர் ஹெலன் ஃப்ராங்கன்தாலர். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய அமெரிக்க அரூப ஓவியத்தின் வரலாற்றை யார் எழுதினாலும் இந்த ஓவியத்துக்கு ஒரு பத்தி ஒதுக்குவார்கள். ஆனால் அந்தப் பத்தியின் இரண்டாம் வரியிலேயே பேச்சு வேறு இரண்டு ஆண்களிடம் தாவிவிடும். மோரிஸ் லூயிஸ், கென்னத் நோலண்ட் என்ற இரு ஓவியர்கள் இதைப் பார்த்தார்கள், வண்ணத்தைத் துணியில் ஊறவைக்கும் உத்தியைக் கற்றுக்கொண்டார்கள், அதிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பியது என்று கதை நகரும். கதை பொய் இல்லை. ஆனால் இப்படிச் சொல்லிச் சொல்லியே அந்த ஓவியம் ஒரு செய்முறை விளக்கமாகச் சுருங்கிவிட்டது. ஊறவைப்பது அதில் பாதிதான். மீதிப் பாதியைப் பார்த்தால், அதைத் தூக்கிப் பிடித்த கோட்பாட்டுக்கே அடங்காத ஓவியம் அது என்பது புரியும்.

நீதிபதி வீட்டுக் கடைக்குட்டி

ஹெலன் 1928 டிசம்பர் 12 அன்று நியூயார்க்கில் பிறந்தார். அப்பா ஆல்ஃபிரெட் ஃப்ராங்கன்தாலர் நியூயார்க் மாநில உச்ச நீதிமன்ற நீதிபதி. (பெயரைப் பார்த்து மலைக்க வேண்டாம். அந்த மாநிலத்தில் உச்ச நீதிமன்றம் என்றால் வழக்கை முதலில் விசாரிக்கும் மன்றம்தான், கடைசி மேல்முறையீட்டு மன்றம் இல்லை. ஆனாலும் பெரிய பதவிதான்.) அம்மா மார்த்தா கைக்குழந்தையாக ஜெர்மனியிலிருந்து வந்தவர். வசதியான யூதக் குடும்பம், மூன்று பெண்கள், இவர் கடைசி.

1940-இல் அப்பா இறந்தபோது ஹெலனுக்கு 11 வயது. அடுத்த சில வருடங்கள் தலைவலியும் இனம்புரியாத பயமுமாகக் கழிந்தன. படிப்பும் சரியாக ஓடவில்லை. டால்டன் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. அங்கே ஓவியம் சொல்லிக்கொடுத்தவர் மெக்சிகோவின் பெயர்பெற்ற ஓவியர் ருஃபினோ தமாயோ. ஒரு பள்ளி மாணவிக்கு இது சாதாரணமாகக் கிடைக்கிற வாத்தியார் இல்லை.

பிறகு வெர்மான்ட் மாநிலத்தின் பென்னிங்டன் கல்லூரி. அங்கே பால் ஃபீலி என்ற ஆசிரியர், பொருளைக் கோணத் துண்டுகளாக உடைத்து வரையும் கியூபிசத்தை எலும்பு எலும்பாகப் பிரித்துக் காட்டினார். நகல் படங்களைச் சுவரில் மாட்டி, இந்தப் படம் ஏன் நிற்கிறது, இந்த மூலையில் இருக்கும் சிவப்பை எடுத்துவிட்டால் எது சரியும் என்று மணிக்கணக்கில் வாதாடுவது அவர் வகுப்பின் வழக்கம். 1949-இல் அங்கிருந்து வெளியே வந்த ஃப்ராங்கன்தாலர் கியூபிசப் பாணியில் கைதேர்ந்தவராக இருந்தார். இதை இங்கே அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. மூன்று வருடம் கழித்து வண்ணத்தைத் தரையில் ஊற்றியவர், எது எங்கே நின்றால் படம் நிற்கும் என்பதைக் கண்ணுக்குள் வைத்திருந்தவர். இது தெரியாமல் பார்த்தால் அந்த ஓவியம் தற்செயலான கொட்டல்போலத்தான் தெரியும்.

பணமும் இருந்தது. அப்பா விட்டுச்சென்ற சொத்தின் பங்கு, வாடகைக்கு ஸ்டுடியோ பிடிக்கவும் பெரிய கித்தான் வாங்கவும் உதவியது. அதே வட்டத்தில் வெந்நீர்கூட வராத மாடிகளில் தங்கி வரைந்தவர்களுக்கு இது உறுத்தியிருக்கிறது. கொஞ்சம் நியாயமான உறுத்தல்தான். ஆனால் காசிருந்த எல்லாரும் அந்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் படத்தை வரைந்துவிடவில்லை.

1950-இல் பென்னிங்டனின் முன்னாள் மாணவிகள் வரைந்த படங்களுக்கு நியூயார்க்கில் ஒரு கண்காட்சி ஏற்பாடு செய்தார். அழைக்கப்பட்டவர்களில் ஒருவர் கிளெமென்ட் கிரீன்பெர்க். அந்தக் காலத்தில் அமெரிக்க ஓவிய விமர்சனத்தில் அவர் வைத்ததுதான் சட்டம் என்று சொல்லும் அளவுக்குச் செல்வாக்கு. துணியைத் தரையில் விரித்து வண்ணத்தைச் சொட்டியும் வீசியும் வரைந்த ஜாக்சன் போலாக்கின் பெயரை நாடறியச் செய்ததில் பெரிய பங்கு அவருக்கு. அப்போது அவருக்கு வயது 41, இவருக்கு 21. அந்தச் சந்திப்பு ஐந்து வருட உறவாக மாறியது. அந்த உறவு இவருக்குப் பல கதவுகளைத் திறந்துவிட்டது. கூடவே, எதைச் செய்தாலும் “கிரீன்பெர்க்கின் தோழி” என்ற முத்திரையையும் குத்திவிட்டது. விசித்திரம் என்னவென்றால், இவ்வளவு நெருங்கியிருந்தும் கிரீன்பெர்க் இவருடைய ஓவியங்களைப் பற்றி அதிகம் எழுதவில்லை.

போலாக்கிடமிருந்து எடுத்ததும் விட்டதும்

1950-இன் கடைசியில் பெட்டி பார்சன்ஸ் கேலரியில் போலாக்கின் கண்காட்சி நடந்தது. கிரீன்பெர்க்தான் அழைத்துப்போனார். சுவரளவு நீண்ட துணிகளில் வண்ணம் சிலந்தி நூலாகப் பின்னிக் கிடந்தது. மொழி தெரியாத நாட்டில் திடீரென இறங்கியதுபோலவும், அங்கேயே குடியிருந்து அந்த மொழியைக் கற்றே தீர வேண்டும் என்றும் தோன்றியதாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடுத்த வருடம் லாங் ஐலண்டில் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் இருந்த போலாக்கின் ஸ்டுடியோவுக்கும் போய்ப் பார்த்தார்.

அங்கே எடுத்துக்கொண்டது என்ன? முதலாவது, தரை. சுவரிலோ சட்டத்திலோ இல்லாமல் துணி தரையில் கிடந்தால் அதற்கு மேல், கீழ் என்று இல்லை. நான்கு பக்கமும் சுற்றி வந்து வேலை செய்யலாம், நடுவிலும் இறங்கலாம். இரண்டாவது, உடம்பு. மணிக்கட்டு அசைவில் வருகிற கோடு வேறு, தோளிலிருந்து வீசுகிற கோடு வேறு. மூன்றாவது விஷயத்தைப் போலாக்கே அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. 1951-இல் அவர் கறுப்பு எனாமலைப் பூச்சில்லாத துணிமேல் ஊற்றிச் சில ஓவியங்கள் செய்தார். அந்தக் கறுப்பின் ஓரங்கள் துணிக்குள் கசிந்திருந்தன. போலாக்குக்குக் கோடுதான் முக்கியம், கசிவு அதன் பக்கவிளைவு. ஃப்ராங்கன்தாலரின் கண் அந்தக் கசிவில் நின்றுவிட்டது.

விட்டதையும் சொல்ல வேண்டும். போலாக்கின் படங்களில் ஓரத்திலிருந்து ஓரம் வரை ஒரே அடர்த்தி, கண் தங்க ஓர் இடம் கிடைக்காது. எனாமல் கட்டியானது, துணிமேல் கயிறாக நிற்கும். ஃப்ராங்கன்தாலர் அந்த அடர்த்தியையும் எடுக்கவில்லை, அந்தக் கனத்தையும் எடுக்கவில்லை. அவருக்கு வெற்றிடம் தேவைப்பட்டது.

1952 கோடையில் அவரும் கிரீன்பெர்க்கும் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போனார்கள். அங்கே கேப் பிரெட்டன் தீவில் காடு மூடிய மலைகள் நேராக அட்லான்டிக்குக்குள் இறங்குகின்றன. மடக்கு ஸ்டாண்டை நிறுத்திக்கொண்டு நீர்வண்ணத்தில் சிறு சிறு இயற்கைக் காட்சிகளை வரைந்தார். நீர்வண்ணத்தில் தாள்தான் வெள்ளை. எங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கே தாளைத் தொடாமல் விட்டுவிட வேண்டும். வண்ணம் தாளுக்குள் இறங்கும், ஓரம் தானாகக் கரையும், போட்டதை அழிக்க முடியாது. ஊர் திரும்பிச் சில வாரங்களில், இந்த நீர்வண்ணப் பழக்கத்தை எண்ணெய் வண்ணத்துக்கும் பத்தடிக் கித்தானுக்கும் மாற்றினார் என்றுதான் நான் அந்த ஓவியத்தைப் புரிந்துகொள்கிறேன். போலாக்கின் தரையும் பிரெஞ்சு ஓவியர் செசானின் நீர்வண்ணமும் ஒரே அறையில் சந்தித்துக்கொண்டன. கரிக்கோடுகள் வழிகாட்டத்தான் முதலில் போட்டார். வேலை சூடுபிடித்ததும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. வரைந்தபோது அந்த நிலக்காட்சிகள் தன் கைகளில் இருந்தன என்று அவர் பிறகு சொன்னார். நினைவிலிருந்து நகலெடுக்கவில்லை, பார்த்தது கையசைவில் வந்தது என்ற பொருளில்.

நெருங்கிப் பார்த்தால்

படத்தின் நடுவில் இளஞ்சிவப்பும் பச்சையும் நீலமும் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து மேலே எழுகின்றன. அதை மலை என்று சொன்னால் சரி என்று தோன்றும். வேறொன்று சொன்னாலும் மறுக்க முடியாது. வலப்பக்கம் ஒரு நீலம் படுத்த வாக்கில் கிடக்கிறது. அது கடல் என்பதற்குத் தலைப்பைத் தவிர ஆதாரம் அந்தப் படுத்த வாக்குதான். கரிக்கோடுகள் சுழன்றும் அறுந்தும் ஓடுகின்றன. சில இடங்களில் வண்ணம் கோட்டுக்குள் அடங்கியிருக்கிறது, சில இடங்களில் கோட்டைச் சட்டை செய்யாமல் தாண்டிவிடுகிறது. சிறு தெறிப்புகள், சொட்டுகள். சுற்றிலும், இடையிடையேயும், தொடாத கித்தான்.

இந்தத் தொடாத கித்தான்தான் படத்தின் பெரிய வேலையைச் செய்கிறது. வழக்கமான எண்ணெய் ஓவியத்தில் வரையாத இடம் என்றால் முடிக்காத இடம். இங்கே அது வெளிச்சமாக, காற்றாக, தூரமாக வேலை செய்கிறது. வண்ணமும் துணியும் ஒரே இழையில் இருப்பதால், எது முன்னே எது பின்னே என்பதைக் கண்ணால் முடிவுகட்ட முடியவில்லை. ஒரு நொடி நீலம் பின்வாங்குகிறது, அடுத்த நொடி வெறுந்துணி முன்னே வருகிறது.

எல்லாவற்றையும்விட, எங்கே நிறுத்தினார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊறவைக்கும் முறையில் திருத்தம் கிடையாது. கனமான எண்ணெய் வண்ணம் என்றால் சுரண்டலாம், மேலே பூசி மறைக்கலாம். இதில் ஊற்றியது ஊற்றியதுதான். கூட ஒரு குவளை ஊற்றினால் வண்ணங்கள் கலந்து சேறாகிவிடும், பத்தடித் துணி குப்பைக்குப் போகும். பின்னாளில் பேட்டிகளில், நல்ல ஓவியம் ஒரே கணத்தில் நடந்து முடிந்தது போலத் தோன்ற வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பத்து முறை முயன்று தூக்கி எறிந்த பிறகு வந்த படமாக இருந்தாலும் பார்வைக்கு அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தூக்கி எறிவதற்கு அவர் தயங்கியதும் இல்லை.

1953-இன் தொடக்கத்தில் டிபோர் டி நாகி கேலரியில் இதைக் காட்சிக்கு வைத்தார்கள். பெரிய வரவேற்பு ஒன்றும் இல்லை. வண்ணம் துடைத்த துணிபோல இருக்கிறது என்றவர்களும் உண்டு. விற்கவில்லை, ஓவியரிடமே திரும்பி வந்தது.

வாஷிங்டனிலிருந்து வந்த இருவர்

1953 ஏப்ரலில் கிரீன்பெர்க், வாஷிங்டனைச் சேர்ந்த இரண்டு ஓவியர்களை அந்த ஸ்டுடியோவுக்கு அழைத்து வந்தார். மோரிஸ் லூயிஸுக்கு அப்போது வயது நாற்பது. மனைவியின் சம்பளத்தில் குடும்பம் நடந்தது. சுமார் 12 அடிக்கு 14 அடி இருந்த சாப்பாட்டு அறையைத்தான் ஸ்டுடியோவாக வைத்திருந்தார். கென்னத் நோலண்ட் அவரைவிட 11 வயதுக்கு மேல் இளையவர். இருவரும் ‘மலைகளும் கடலும்’ முன்னால் நின்றார்கள். ஊருக்குத் திரும்பிச் சில வாரங்கள் இருவரும் சேர்ந்தே ஒரே துணியில் ஊற்றிப் பார்த்துப் பழைய பழக்கங்களைக் கழற்றிப்போட்டார்கள். 1954-இல் லூயிஸ் ‘திரை’ என்ற பெயரில் அறியப்படும் வரிசையைத் தொடங்கினார். ஒன்றின்மேல் ஒன்றாக மெல்லிய வண்ண ஓட்டங்கள், அந்தச் சின்ன அறையில் விரிக்கவே இடம் பத்தாத பெரிய துணிகளில். நோலண்ட் வட்டங்களுக்குப் போனார். போலாக்குக்கும் அடுத்துச் சாத்தியமாக இருந்ததற்கும் இடையே ஃப்ராங்கன்தாலர் ஒரு பாலம் என்று லூயிஸ் சொன்னதாக ஒரு வாசகம் நிலைத்துவிட்டது. 1960-இல் கிரீன்பெர்க் எழுதிய கட்டுரையில், ‘மலைகளும் கடலும்’ என்ற பெரிய, அசாதாரணமான ஓவியத்தைப் பார்த்ததும் லூயிஸ் சட்டெனத் திசை மாறினார் என்றார். அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருந்தவை லூயிஸ், நோலண்ட் பெயர்கள்.

கிரீன்பெர்க்குக்கு இந்த உத்தி ஏன் அவ்வளவு பிடித்தது? அவருடைய கோட்பாடு சுருக்கமாக இதுதான்: ஒவ்வொரு கலையும் தனக்கு மட்டுமே உரியதை நோக்கிப் போக வேண்டும். ஓவியத்துக்கு மட்டுமே உரியது தட்டையான தளம். கதை இலக்கியத்துக்கு, கனபரிமாணம் சிற்பத்துக்கு. கட்டியாக அப்பிய வண்ணம்கூட ஒரு வகையில் புடைப்புச் சிற்பம்தான். வண்ணம் துணிக்குள்ளேயே ஊறிவிட்டால் அந்தப் புடைப்பும் போய்விடுகிறது. தொட்டுப் பார்க்கத் தோன்றாத, கண்ணுக்கு மட்டுமே உரிய நிறம் மிஞ்சுகிறது. 1964-இல் லாஸ் ஏஞ்சலஸில் 31 ஓவியர்களை வைத்து அவர் நடத்திய கண்காட்சி இந்தக் கட்சியின் மாநாடு மாதிரி. ஃப்ராங்கன்தாலரும் அதில் இருந்தார். வண்ணத்தளப் பாணி என்று பின்னால் பெயர் பெற்றது இந்த வழிதான்.

இந்தக் கோட்பாடு லூயிஸுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. ‘மலைகளும் கடலும்’ அதற்குள் நுழையாது. அதில் கோடு இருக்கிறது. தூரம் இருக்கிறது. கேப் பிரெட்டன் என்ற ஓர் இடம், மங்கலாகவேனும் இருக்கிறது. கியூபிசத்தின் எலும்புக்கூடு இருக்கிறது. கிரீன்பெர்க்கின் பட்டியலில் களைய வேண்டியவை எல்லாம் அந்த ஓவியத்தில் பத்திரமாக உட்கார்ந்திருக்கின்றன. லூயிஸ் அதிலிருந்து ஊறலை மட்டும் எடுத்துக்கொண்டு கோட்டை விட்டுவிட்டார். அதனால் அவருடைய வழி சுத்தமாக, சீராக, விளக்க எளிதாக அமைந்தது. வரலாறு எழுதுகிறவர்களுக்கு அது வசதி. ஆனால் வசதியான கதையில் இந்த ஓவியம் ஒரு தொடக்கப் படியாக மட்டும் நின்றுபோனது. நான் பார்க்கிற அளவில் லூயிஸின் திரைகள் அழகானவை, ஆனால் அவற்றில் எதுவும் தவறிப்போகுமோ என்ற பயம் எனக்கு வருவதில்லை. ஃப்ராங்கன்தாலரின் படத்தில் ஒவ்வொரு மூலையிலும் அந்தப் பயம் இருக்கிறது.

இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அவருடைய ஓவியங்களைப் பற்றி எழுதிய ஆண் விமர்சகர்கள் கைக்குச் சிக்கிய சொற்களைப் பாருங்கள்: மென்மை, கவித்துவம், பெண்மை. அதே ஊறலை லூயிஸ் செய்தால் அது தர்க்கம், தூய்மை. 1951 மே மாதம் நியூயார்க்கின் ஒன்பதாம் தெருவில் ஓவியர்களே கூடி நடத்திய புகழ்பெற்ற கண்காட்சியில் இவரோடு லீ கிராஸ்னர், எலைன் டி கூனிங், ஜோன் மிட்செல், கிரேஸ் ஹார்ட்டிகன் ஆகியோரும் இருந்தார்கள். ஐந்து பேருக்கும் இந்தச் சொல்லகராதி ஏதோ ஒரு வகையில் பொருந்திவந்தது. பெண் ஓவியர் என்ற அடையில் ஃப்ராங்கன்தாலருக்கு ஈடுபாடு இல்லை. ஓவியர் என்றால் போதும் என்பார். அந்த நிலைப்பாட்டைப் பெண்ணிய விமர்சகர்கள் சிலர் பிற்பாடு குறைசொன்னார்கள். வைத்த குறையில் பொருள் இருக்கிறது என்றாலும், ஒவ்வொரு ஊறலையும் பெண்ணுடம்போடு முடிச்சுப்போட்ட சூழலில் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும்?

அறுபது வருட வேலை

1958-இல் ஓவியர் ராபர்ட் மதர்வெல்லை மணந்தார். இருவருமே வசதியான குடும்பத்துப் பிள்ளைகள், இருவருமே பெயரெடுத்தவர்கள், விருந்துகளுக்குப் பேர்போன வீடு. 1971-இல் மணமுறிவு. 1959-இல் பாரிஸ் இளங்கலைஞர் பினாலேயில் (இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கண்காட்சி) முதல் பரிசு, 1960-இல் யூத அருங்காட்சியகத்தில் தொகுப்புக் கண்காட்சி, 1966-இல் வெனிஸ் பினாலேயில் அமெரிக்காவின் சார்பாக, 1969-இல் விட்னி அருங்காட்சியகம், 1989-இல் நவீனக் கலை அருங்காட்சியகம். பட்டியல் போட்டால் நீளும்.

எனக்கு அதைவிட ஆர்வமூட்டுவது அவருடைய மரச்செதுக்கு அச்சுகள். ஊறலுக்கும் மரக்கட்டைக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்று ஓடும், மற்றது ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கட்டையைச் செதுக்கிக் கணக்குப் பார்த்து அச்சடிக்க வேண்டியது. 1973-இல் முதல் மரச்செதுக்கில் ஒட்டுப்பலகையை ரம்பத்தால் துண்டு துண்டாக அறுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனியாக மை பூசி அச்சிட்டார். பிறகு மரத்தின் பரப்பை உப்புத்தாளாலும் பல் வைத்தியரின் கருவிகளாலும் கீறிக் கரடாக்கி, வண்ணம் கசிந்ததுபோலத் தோற்றம் வரவழைத்தார். 2000-இல் வந்த ‘மேடம் பட்டர்ஃபிளை’ மூன்று பலகைகளாக நீளும் அச்சு. அதற்கு 46 கட்டைகள், 102 வண்ணங்கள். தண்ணீரில் தற்செயலாகக் கரைந்ததுபோல இருக்கும் ஒரு படத்துக்கு இவ்வளவு உழைப்பு. ஒரே கணத்தில் நடந்ததுபோலத் தோன்ற வேண்டும் என்றாரே, அதற்கு இதைவிடப் பிடிவாதமான உதாரணம் கிடையாது.

அரசியலில் அவர் பழமைப் பக்கம் சாய்ந்தவர். அரசின் தேசியக் கலை மன்றத்தில் 1985 முதல் 1992 வரை உறுப்பினராக இருந்தார். 1989-இல் அரசு மானியம் பெற்ற சில புகைப்படங்களைச் சுற்றிப் பெரிய சண்டை வெடித்தபோது, தணிக்கையையும் கண்டித்து, மானியம் பெறும் கலையின் தரம் சரிந்துவிட்டது என்றும் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். மானியத்தையே வெட்டத் துடித்த கூட்டத்துக்கு அது நன்றாகப் பயன்பட்டது. சக கலைஞர்கள் பலர் அதை மன்னிக்கவில்லை. ஒரு காலத்தில் துடைத்த துணி என்று இகழப்பட்டவர், அடுத்த தலைமுறையின் படைப்பைத் தரம் என்ற அளவுகோலை வைத்து ஒதுக்கியது எனக்கும் உறுத்துகிறது. 2011 டிசம்பர் 27 அன்று கனெக்டிகட்டில் 83-ஆம் வயதில் இறந்தார்.

துணி கேட்கும் விலை

முதலில் சொன்ன பாடத்துக்கு வருவோம். வெறுங்கித்தானில் எண்ணெயை ஊற்றினால் என்ன ஆகும் என்று பழைய ஓவியர்கள் எச்சரித்தார்களோ அது நடந்துகொண்டிருக்கிறது. ‘மலைகளும் கடலும்’ ஓவியத்தில் வண்ணத் திட்டுகளைச் சுற்றி எண்ணெய் கசிந்து மஞ்சளும் பழுப்புமாக வளையங்கள் விழுந்திருக்கின்றன. 1952-இல் வெளிச்சமாக இருந்த வெறுந்துணி இன்று கருத்துவிட்டது. வண்ணத்துக்கும் துணிக்கும் இடையே அன்று இருந்த வேறுபாடு இன்று நாம் பார்ப்பதைவிடக் கூர்மையாக இருந்திருக்க வேண்டும். வெற்றிடத்தை வெளிச்சமாக நம்பி வரைந்த படத்துக்கு இது சின்ன இழப்பு இல்லை.

லூயிஸ் இந்தத் தொல்லையில் அதிகம் மாட்டவில்லை. அவர் பயன்படுத்தியது மேக்னா என்ற அக்ரிலிக் பிசின் வண்ணம். அதில் எண்ணெய் வளையம் விழாது. ஃப்ராங்கன்தாலரும் அறுபதுகளின் தொடக்கத்தில் அக்ரிலிக்குக்கு மாறினார். மாறியதும் படங்களின் முகமும் மாறியது: ஓரங்கள் கூர்மையாயின, நிறங்கள் பெரிய பரப்புகளாக விரிந்தன, கரிக்கோடு காணாமல்போனது.

பூச்சில்லாத ஓவியத்துக்கு வார்னிஷ் அடித்துப் பாதுகாக்கவும் வழி இல்லை. வார்னிஷும் துணிக்குள்தான் போகும். தூசு, எண்ணெய்ப் பிசுக்கு, கைரேகை எல்லாம் வண்ணம் இருக்கிற அதே நூலில் போய் உட்காரும். கழுவப் போனால் கரைப்பான் அழுக்கை இன்னும் உள்ளே தள்ளிவிடக்கூடும். 2006-இல் டெட்ராய்ட் கலை நிலையத்தில் இருக்கும் அவருடைய ‘விரிகுடா’ ஓவியத்தில், பள்ளிச் சுற்றுலா வந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன் மென்று முடித்த சூயிங்கத்தை ஒட்டிவிட்டுப் போய்விட்டான். 1963-இல் வரைந்த அக்ரிலிக் படம் அது. பசையை எடுத்த பிறகும் ஒரு நாணய அளவுக்குக் கறை நின்றது. எந்தக் கரைப்பான் கறையை மட்டும் எடுத்து வண்ணத்தை விட்டுவைக்கும் என்று பாதுகாப்பாளர்கள் பரிசோதித்துப் பார்த்து, மெதுவாக அதை எடுத்து, ஓவியத்தைத் திரும்ப மாட்டினார்கள்.

‘மலைகளும் கடலும்’ கடைசிவரை விற்கப்படவில்லை. ஓவியரின் பெயரிலான அறக்கட்டளைக்குச் சேர்ந்தது, நீண்ட காலமாக வாஷிங்டனில் தேசியக் கலைக்கூடத்தின் பொறுப்பில் இருக்கிறது. சூயிங்கம் கறைக்குச் செய்த வைத்தியத்தை அதன் எண்ணெய் வளையங்களுக்குச் செய்ய முடியாது. அவை வெளியிலிருந்து ஒட்டியவை இல்லை, ஊற்றிய வண்ணத்தோடு துணிக்குள் போனவை. எடுக்கப் போனால் வண்ணமும் கூடவே வந்துவிடும்.